ஹாரி பாட்டருக்குப் பிறகு பாதியில் நின்ற மூன்று புத்தகங்கள்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஹாரி பாட்டர் ஏழு புத்தகங்களையும் மூன்று முறையாவது படித்திருப்பாள். பெர்சி ஜாக்சன் ஐந்தும் முடிந்தது. அதற்கப்புறம் எல்லோரும் சிபாரிசு செய்கிறார்களே என்று ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’, ‘எரகான்’, ‘சிக்ஸ் ஆஃப் குரோஸ்’ மூன்றையும் வாங்கிக் கொடுத்தேன். ஒன்றிலும் ஐம்பது பக்கம் தாண்டவில்லை. இப்போது திரும்பவும் ஹாரி பாட்டரையே எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாசிப்பில் ஆர்வம் போய்விட்டதா? அடுத்து எதைக் கொடுப்பது? — ஒரு தாய், கும்பகோணம்.

பதில்: ஆர்வம் போன பிள்ளை, படித்த புத்தகத்தையே நான்காவது முறை எடுக்க மாட்டாள். அந்தக் கவலையை முதலில் விடுங்கள். பள்ளி நூலகத்தில் பல வருடங்களாக இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்துவருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் அடுத்த புத்தகத்துக்கான துப்பு ஏற்கெனவே இருக்கிறது.

நீங்கள் வாங்கிய மூன்றும் நல்ல புத்தகங்கள்தான். ஆனால் மந்திரம் இருக்கிறது என்பதைத் தவிர அவற்றுக்குள் பெரிய ஒற்றுமை கிடையாது. உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எர்த்ஸீ’யிலும் மந்திரவாதிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் உண்டு. அதனால்தான் ஹாரி பாட்டர் படித்தவர்களிடம் அதை நீட்டுகிறார்கள். ஆனால் அது பாட்டி சொல்லும் பழங்கதை போல, தூரத்திலிருந்து நிதானமாகச் சொல்லப்படுவது. பேச்சு குறைவு, வேடிக்கை அதைவிடக் குறைவு. ‘எரகான்’ டிராகன் முட்டையைக் கண்டெடுக்கும் கிராமத்துப் பையனின் கதை. பயணம், வாள் பயிற்சி, நாட்டின் வரலாறு என்று விரிந்துகொண்டே போகும். நண்பர்கள் கூட்டமாக உட்கார்ந்து அரட்டை அடிக்கும் கதைக்குப் பழகிய பிள்ளைக்கு அங்கே தனியாக நடப்பது போலிருக்கும்.

‘சிக்ஸ் ஆஃப் குரோஸ்’ நின்றுபோன காரணம் வேறு. லீ பர்டூகோவின் அந்த நாவல் (2015) ஜூஸ்ட் என்ற காவலாளியோடு தொடங்குகிறது. சரி, இவன்தான் நம் ஆள் என்று அவனோடு போனால், முதல் அத்தியாயத்தோடு அவன் கதை முடிந்துவிடுகிறது. அப்புறம் கெட்டர்டாம் துறைமுக நகரம், அங்குள்ள கும்பல்கள், நாடுகள், மந்திரசக்தி உள்ளவர்களின் வகைகள் என்று பெயர் மேல் பெயராக வந்து விழும். என்னிடம் இதைத் திருப்பிக் கொடுத்த பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விட்டிருக்கிறார்கள். ஆறு பேரும் ஒன்றுசேர்ந்து, யாராலும் உடைக்க முடியாத கோட்டைக்குள் புகத் திட்டம் போடத் தொடங்கியதும் புத்தகத்தின் வேகமே வேறு. எனவே அதை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், அலமாரியில் இருக்கட்டும். அதே உலகத்தில் நடக்கும் ‘ஷேடோ அண்ட் போன்’ மூன்று புத்தகங்களை முதலில் படித்தாக வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். படிக்காமலே கதை புரியும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. ‘உனக்கு என்ன மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?’ என்று கேட்காதீர்கள். அந்த வயதில் அதற்கு யாருக்கும் பதில் தெரியாது. ‘ஹாரி பாட்டரில் எந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாய்?’ என்று கேளுங்கள். பதில் உடனே வரும். வரவில்லையென்றால் புத்தகங்களையே பாருங்கள், எதன் முதுகு அதிகம் மடிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அது ஹாரி பாட்டரின் முதல் புத்தகம் என்றால், அவளுக்குப் புதிதாக ஒரு வீட்டுக்குள் நுழைந்து அங்கே ஒருத்தியாக ஆகிவிடும் சுகம் வேண்டும். கொடுக்க வேண்டியது டயானா வின் ஜோன்ஸின் ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ (1986). தொப்பிக் கடையில் வேலை செய்யும் சோஃபி, ஒரு சூனியக்காரியின் சாபத்தால் கிழவியாகிவிடுகிறாள். கிழவியானதும் அவளுக்கு வருகிற துணிச்சலும் வாயும் இருக்கிறதே, அதற்காகவே படிக்கலாம். நகரும் கோட்டைக்குள் புகுந்து, அடுப்பிலிருக்கும் நெருப்புப் பூதத்தோடு சண்டை போட்டுக்கொண்டே வீட்டைக் கூட்டிப் பெருக்குவாள். ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் அனிமேஷன் படத்தை (2004) பார்த்திருந்தாலும் பரவாயில்லை, புத்தகத்தின் கதை பல இடங்களில் வேறு வழியில் போகிறது.

மூன்றாவது புத்தகம் என்றால், அவளைப் பிடித்திருப்பது கதை முடிச்சு. காலத்தைத் திருப்பும் அந்த மணல் கடிகாரமும், முதலில் பார்த்ததெல்லாம் கடைசியில் வேறு அர்த்தம் கொள்வதும் அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் இந்த ரகம் நிறைய. இவர்களுக்கு என் முதல் தேர்வு மேகன் வேலன் டர்னரின் ‘தி தீஃப்’ (1996). சிறையில் கிடக்கும் ஒரு திருடனை, ஒரு பொருளைத் திருடித் தருவதற்காக வெளியே கூட்டிப்போகிறார்கள். கதையை அவனே சொல்கிறான், பசிக்கிறது, கால் வலிக்கிறது என்று வழியெல்லாம் குறைபட்டுக்கொண்டே. அதற்குமேல் ஒரு வரிகூடச் சொல்ல மாட்டேன். முடித்ததும் பிள்ளைகள் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். இந்த ரகப் பிள்ளை ‘தி தீஃப்’ முடித்துவிட்டு ‘சிக்ஸ் ஆஃப் குரோஸ்’ பக்கம் வந்தால் இந்த முறை நிற்காது.

ஐந்தாவது புத்தகம் என்றால் கொஞ்சம் கூர்ந்து கவனியுங்கள். பெரியவர்கள் உண்மையை மறைக்கிறார்கள், தன்னை யாரும் நம்பவில்லை என்று ஹாரி கொதிக்கும் புத்தகம் அது. அந்தக் கோபம் பிடித்த பிள்ளைக்கு ஃபிலிப் புல்மனின் ‘நார்தர்ன் லைட்ஸ்’ (1995) பொருந்தும். அங்கே ஒவ்வொரு மனிதரின் உயிரும் ஒரு விலங்கின் உருவில் கூடவே நடமாடுகிறது. குழந்தைகளிடமிருந்து அதைப் பிரிக்க முயல்பவர்களைத் தேடி லைரா என்ற சிறுமி வடக்கே போகிறாள். மூன்று பாகம், 2000இல் முடிந்துவிட்டது. மதத்தின் அதிகாரத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசும் நூல், அதையொட்டி வீட்டில் கேள்விகள் வரலாம், வரட்டும். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: இதே புத்தகத்தின் அமெரிக்கப் பதிப்புக்கு ‘தி கோல்டன் காம்பஸ்’ என்று பெயர். அடுத்த பாகம் என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.

மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்ற விதிகளில் மனம் போகிற பிள்ளைக்குக் கார்த் நிக்ஸின் ‘சாப்ரியல்’ (1995). இறந்தவர்களைக் கட்டுப்படுத்த ஏழு மணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு சக்தி. மரணம் அங்கே வாசல்கள் கொண்ட ஓர் ஆறு, அதற்குள் இறங்கி நடக்க வேண்டும். இரவில் பயப்படும் பிள்ளையாக இருந்தால் பகலில் படிக்கச் சொல்லுங்கள்.

இல்லை, அவள் ஹாரி பாட்டரைவிடப் பெர்சி ஜாக்சனுக்குத்தான் சிரிக்கிறாள் என்றால், ரோஷனி சோக்ஷியின் ‘ஆரு ஷா’ வரிசை (2018) இருக்கிறது. பெர்சி ஜாக்சனில் கிரேக்கப் புராணம் என்றால், இங்கே மகாபாரதம்: பாண்டவர்கள் இன்றைய அமெரிக்காவில் சிறுமிகளாகப் பிறந்தால் எப்படியிருக்கும் என்பதுதான் கதை. ஐந்து பாகம், முடிந்துவிட்டது. நாயகிக்குப் பன்னிரண்டு வயது என்பதால் உங்கள் மகளுக்குக் கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் மகாபாரதம் தெரிந்த பிள்ளைக்கு, அமெரிக்க வாசகர்களுக்குப் புரியாத பல இடங்களில் சிரிப்பு வரும்.

எர்த்ஸீயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மிகவும் நேசிக்கும் உலகம் அது. முதல் பாகத்தை இப்போது வற்புறுத்தாதீர்கள். அதற்குப் பதிலாக அடுத்த பாகமான ‘தி டூம்ஸ் ஆஃப் அதுவான்’ (1971) நூலகத்தில் கிடைக்கிறதா பாருங்கள். தெனார் என்ற பெண் குழந்தையை, முந்தைய பூசாரியின் மறுபிறவி என்று சொல்லி வீட்டிலிருந்து எடுத்துப்போகிறார்கள். அவள் பெயரையும் எடுத்துவிடுகிறார்கள். பெயரில்லாத தெய்வங்களின் இருட்டுச் சுரங்கப் பாதைகளுக்குள் அவள் வளர்கிறாள். ஒருநாள் அந்த இருட்டில் ஒரு விளக்கொளி தெரிகிறது. பதினான்கு, பதினைந்து வயதில், ‘எனக்கு என்ன பிடிக்கும் என்பதை மற்றவர்கள் ஏன் முடிவு செய்கிறார்கள்?’ என்று கேட்கத் தொடங்கும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான ஃபேன்டஸி எனக்குத் தெரியாது. முதல் பாகம் படிக்காமலே படிக்கலாம். சின்னப் புத்தகம்தான். இதைப் படித்தவர்கள் தாங்களாகவே முதல் பாகத்தைத் தேடிப் போவார்கள்.

பக்க எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஹாரி பாட்டரின் முதல் புத்தகம் பிரிட்டிஷ் பதிப்பில் 223 பக்கம், ஐந்தாவது 766. அதை மூன்று முறை தாண்டியவளுக்கு எதுவும் தடிமன் இல்லை.

வயது விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘யங் அடல்ட்’ (இளையோர் நூல்) என்று போட்டாலே பதினான்கு வயதுக்குச் சரி என்று அர்த்தமில்லை, அந்த அலமாரியில் பன்னிரண்டு வயதுக்கானதும் இருக்கும், பதினெட்டுக்கானதும் இருக்கும். சேரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்’ (2015) முதலில் இளையோர் நூலாகத்தான் விற்கப்பட்டது. படுக்கையறைக் காட்சிகள் விரிவாக வருவதால் பிறகு பெரியவர்களுக்கான வரிசைக்கு மாற்றினார்கள். தோழிகள் மூலம் அவள் கைக்கு அது வரலாம். வந்தால் பிடுங்காதீர்கள், ‘இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும், ஏன் என்றால் இதுதான்’ என்று காரணத்தோடு பேசுங்கள். ‘சிக்ஸ் ஆஃப் குரோஸி’லும் வன்முறை உண்டு, விபச்சார விடுதிக்கு விற்கப்பட்ட ஒரு பெண்ணின் கடந்தகாலமும் வருகிறது. அது அக்கறையோடு எழுதப்பட்டது, ஒன்பதாம் வகுப்பில் படிக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் நீங்களும் கூடவே படித்தால் நல்லது.

இனி மூன்று புத்தகங்களை ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். கிண்டிலில் மாதிரிப் பக்கங்கள் இலவசம். இரண்டு மூன்று நூல்களின் மாதிரியை இறக்கி, எதைக் கீழே வைக்க மனமில்லையோ அதை மட்டும் வாங்கிக் கொடுங்கள். அவள் தேர்வு ‘தி தீஃப்’ என்றால், அந்த வரிசையின் அடுத்த புத்தகங்களை அவள் முடிக்கும்வரை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அவற்றின் பின்னட்டையே முதல் புத்தகத்தின் ரகசியத்தைச் சொல்லிவிடும்.