காபியில் கருகிய ரப்பர் வாடை: மூக்கு கெட்டுவிட்டதா?

வைரஸ் காய்ச்சல் வந்துபோய் மூன்று மாதமாகிறதாம். முதலில் எந்த வாசனையும் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, ஆனால் காபி கருகிய ரப்பராகவும் வதங்கும் வெங்காயம் அழுகலாகவும் நாறுகிறது. "மூக்கு நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா? சொட்டு மருந்து ஒன்றைச் சிபாரிசு செய்கிறார்கள், வாங்கலாமா?" என்று கேட்கிறார் ஒரு வாசகி.

பயம் வேண்டாம் அம்மா. இது பெரும்பாலும் மூக்கு தேறிவருவதன் அடையாளம். வாசனை நரம்புகள் அழிந்தாலும் மறுபடி முளைக்கக்கூடியவை. காபியின் மணம் பல நூறு வேதிப்பொருள்களின் கூட்டு. அரைகுறையாக முளைத்த நரம்புகள் அவற்றில் சிலவற்றை மட்டுமே மூளைக்குச் சொல்கின்றன. காபி, வெங்காயம், பூண்டு, வறுத்த இறைச்சி ஆகியவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் துளியளவிலேயே மூக்கைத் தாக்கும். அதனால் இவைதான் முதலில் நாறும். ஆறவைத்துச் சாப்பிடுங்கள், ஆவி அடங்கினால் நாற்றமும் அடங்கும். முழுதாகச் சரியாக மாதங்கள் ஆகலாம். சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும்.

சொட்டு மருந்தா? தொடவே தொடாதீர்கள். துத்தநாகம் கலந்த சில மூக்கு மருந்துகளால் வாசனை உணர்வே நிரந்தரமாகப் போகலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-லேயே எச்சரித்தது. இருந்த நரம்பையும் பறிகொடுக்கக் காசு வேறு கொடுப்பதா?

பலன் தரக்கூடியது பயிற்சி. ஜெர்மனியின் டிரெஸ்டனில் வாசனை ஆய்வாளர் தாமஸ் ஹும்மெல் குழுவினர் சோதித்தது இதைத்தான்: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என நான்கு மணங்கள், காலையும் மாலையும், 12 வாரம். ஒவ்வொன்றையும் சுமார் 15 விநாடி, ஆழமாக இழுக்காமல், சின்னச் சின்ன மூச்சாக முகருங்கள். அந்த மணம் முன்பு எப்படி இருந்தது என்பதை நினைத்துக்கொண்டே முகருங்கள். இதற்கென்று அலங்காரப் பெட்டியில் விற்கும் 'சிகிச்சைத் தொகுப்பு' வேண்டாம். நான்கு குப்பிகளில் சாதாரண வாசனை எண்ணெய் போதும்.

பயம் வேண்டாம் என்றதற்கு ஒரே ஒரு விலக்கு. ஒரு நாசியை மூடிக்கொண்டு மறு நாசியால் முகர்ந்து பாருங்கள்; பிறகு மாற்றிச் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் வாசனை இல்லையென்றால், அல்லது அந்தப் பக்கம் அடைப்பும் ரத்தக் கசிவும் இருந்தால், அதை வைரஸின் தலையில் கட்டாதீர்கள். அந்த நாசிக்குள் சதை வளர்ந்திருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்றால் எழுந்து வராதீர்கள். வாசனைப் பகுதி மூக்கின் உச்சியில் இருக்கிறது, டார்ச் வெளிச்சம் அங்கே எட்டாது.

கண்ணுக்கு எழுத்துப் பலகை உண்டு, காதுக்கு ஒலிச் சோதனை உண்டு. மூக்குக்கு மட்டும் "உயிர் பிழைத்தீர்களே, போதாதா" என்ற ஆறுதல்தான் கிடைக்கிறது. இந்த அலட்சியம்தான் சொட்டு மருந்துக்காரர்களுக்குக் கடை விரித்துக் கொடுக்கிறது.

தேறும்வரை எரிவாயுக் கசிவை உங்கள் மூக்கு காட்டிக்கொடுக்கும் என்று நம்பாதீர்கள். கசிவை உணர்ந்து ஒலிக்கும் கருவியைச் சமையலறையில் இன்றே மாட்டிவிடுங்கள்.