முழங்கால் நோவுக்கும் கை விறைப்புக்கும் முதல்ல சீட்டைப் பாருங்க

வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்கு சைக்கிள்ல போனா முழங்காலுக்கு முன்பக்கம் நோகுது, கையும் விறைக்குதெண்டு கேட்டிருந்தீங்க. முன்பக்கம் நோகுதெண்டா அனேகமா சீட் பதிவா இருக்கும், ஆரையாவது சைக்கிளைப் பிடிக்கச் சொல்லிட்டு ஏறி இருந்து குதிக்காலை பெடல்ல வைங்க, பெடல் ஆகக் கீழ வரேக்க கால் நேரா நீளணும், பிறகு முன்பாதத்தால மிதிச்சா முழங்கால் லேசா மடங்கும், அதுதான் அளவு. ஒரேயடியா உயர்த்தாம கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. சிக்னல்ல கால் ஊண்ட ஏலாதெண்டுதான் எல்லாரும் சீட்டைப் பதிக்கிறது, காலி வீதியில பஸ் ஒதுக்கேக்க பயம்தான், ஆனா நிக்கேக்க சீட்டை விட்டு முன்னுக்கு இறங்கி நிண்டு பழகுங்க.

கை விறைப்புக்கு, சீட் மூக்கு கீழ சரிஞ்சிருக்கா பாருங்க, சரிஞ்சா பாரமெல்லாம் கைக்குத்தான் வரும், மட்டமா வைங்க. பிறகும் விறைச்சா ஹேண்டிலை உயர்த்துங்க, பழைய மொடலெண்டா மேல் போல்ட்டைக் கொஞ்சம் லூஸாக்கி பலகைத்துண்டு வச்சு தட்டினாத்தான் உள்ளுக்கிருக்கிற ஆப்பு கழரும். சீட் கம்பியிலயும் ஹேண்டில் தண்டுலயும் குறைஞ்சது எவ்வளவு உள்ளுக்கு இருக்கணுமெண்டு காட்டுற ஒரு கோடு இருக்கும், அது வெளிய தெரியவே கூடாது!! இறுக்கினாப்பிறகு முன் சில்லை ரெண்டு காலுக்கிடையில பிடிச்சு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்க, அசைஞ்சா ரோட்டுக்கு எடுக்காதீங்க. ஹேண்டிலை உயர்த்தினதால பிரேக் வயர் இழுபட்டா நீளமான வயர் போடணும்.