தோற்றவர் மேலே போகலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் கடன் பாக்கி வழக்கு ஒன்றில் தோற்றவர், உச்ச நீதிமன்றம் வரை மேல்முறையீடு செய்துகொண்டே போக முடியுமா?

பதில்: வழி இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு படியிலும் கதவு குறுகிக்கொண்டே போகும். சாதாரணப் பண வழக்குகள் கவுண்டி கோர்ட் என்ற கீழ்நிலை உரிமையியல் நீதிமன்றத்தில் தொடங்குகின்றன. பொதுவாக 10,000 பவுண்டு வரையிலானவை சிறு வழக்குகளாகவே விசாரிக்கப்படும். அங்கே மாவட்ட நீதிபதி அளித்த தீர்ப்பை எதிர்த்தால், வழக்கு அதே நீதிமன்றத்தில் அவருக்கு மேல்நிலையிலுள்ள சர்க்யூட் நீதிபதியிடம் செல்லும். சர்க்யூட் நீதிபதியே தீர்ப்பளித்திருந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகும்.

மேல்முறையீடு இங்கிலாந்தில் தானாகக் கிடைக்கும் உரிமையல்ல. வெற்றிக்கு மெய்யான வாய்ப்பு உண்டு என்றோ, வேறு வலுவான காரணம் உண்டு என்றோ காட்டி, பொதுவாக 21 நாட்களுக்குள் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்றுவதில்லை. தீர்ப்பு தவறானதா, நடைமுறையில் நேர்ந்த கடுமையான குறையால் அநீதியானதா என்பதையே பார்ப்பார்கள்; சாட்சியை நேரில் கண்ட நீதிபதி யாரை நம்பினார் என்பதில் எளிதில் கைவைக்க மாட்டார்கள். தோற்றவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுதான் என்பேன்.

இரண்டாம் மேல்முறையீட்டை, உயர் நீதிமன்றத்துக்கும் மேலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் (Court of Appeal) மட்டுமே அனுமதிக்கலாம். அதற்கான அளவுகோல் இன்னும் கடுமையானது. 2009இல் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் நீதிப் பணியை ஏற்ற உச்ச நீதிமன்றமோ, பொது முக்கியத்துவமுள்ள சட்டக் கேள்விகளையே எடுத்துக்கொள்கிறது. வெறும் கடன் பாக்கிக்கு அங்கே இடமில்லை.