வாசகர் கேள்வி–பதில்: பெயின்ட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது?

சிறிய விமானம் வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் இந்த முறை விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் விமானி அசைக்கும் பரப்புகளான எய்லரான் (இறக்கையில் இருப்பது), எலிவேட்டர், ரடர் (இரண்டும் வாலில்) மூன்றுமே நிறைய அடிபட்டன. அவற்றில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

கேள்வி: என்னுடையது பழைய நான்கு இருக்கை விமானம். எய்லரானில் ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) வரிசையை ஒட்டி பெயின்ட் மெல்லிய கோடு கோடாகப் புடைத்திருக்கிறது, புழு ஊர்ந்த தடம் மாதிரி. அங்கே மட்டும் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. அது இழை அரிப்பு. ரிவெட் தலையிலோ தகட்டின் ஓரத்திலோ பெயின்ட் சரியாகப் பிடிக்காத ஓர் இடத்தில் ஈரம் புகுந்து, பெயின்ட்டுக்கு அடியிலேயே அரித்துக்கொண்டு நகர்கிறது. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் தகட்டைச் சரியாகக் கழுவித் தயார் செய்யாததுதான் பெரும்பாலும் காரணம். அதனால் மேலே இன்னொரு கோட் அடித்தாலும் கீழே அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் பெயின்ட்டை முழுவதும் எடுத்து, அரிப்பைத் துளி மிச்சமில்லாமல் நீக்கி, தகட்டுக்குக் கன்வர்ஷன் கோட்டிங் (அரிப்பைத் தடுக்கும் ரசாயனப் படலம்) கொடுத்து, எபாக்சி ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த பிறகுதான் பெயின்ட்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அந்தக் கோடு இல்லை. வெளிப்பக்கம் இப்படி என்றால் உள்பக்கம் எப்படி இருக்கும் என்பதுதான். பழைய சிறிய விமானங்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே உள்பக்கத்துக்கு ப்ரைமர் அடிக்கவில்லை. பகல் சூடு, இரவு குளிர் என்று மாறி மாறி வரும்போது உள்ளே ஈரம் படிந்து சொட்டும், அந்தத் தண்ணீர் கீழ்த்தகட்டிலும் பின்விளிம்பிலும் போய்த் தேங்கும். வெளியேற வேண்டிய வடிகால் துளையைப் பாதி நேரம் பழைய பெயின்ட்டோ மெழுகோ பூச்சிக்கூடோ அடைத்திருக்கும். ஆகவே முதல் வேலையாக எல்லாத் துளைகளையும் தேடிப் பிடித்துத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு ரிவெட்டுகளுக்கு நடுவே தகடு லேசாக உப்பியிருந்தால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடுக்குக்குள்ளே அரிப்பு விளைந்திருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் அரிப்பால் உண்டாகும் அலுமினியம் ஹைட்ராக்சைடு அசல் உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும், தகட்டைத் தள்ளும், சில சமயம் ரிவெட் தலையையே பிய்த்துவிடும். விளிம்பிலோ துளையிலோ வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பாக வழிந்திருந்தால் விஷயம் வேறு: ரிவெட் தளர்ந்து உரசிக்கொண்டிருக்கிறது. உள்ளே பார்க்க போரஸ்கோப் (துளை வழியே நுழைக்கும் சின்னக் கேமரா) விட வேண்டும், அதை உங்கள் பராமரிப்புப் பொறியாளரிடம் விடுங்கள்.

கேள்வி: அலுமினியம்தான் துருப்பிடிக்காதே, இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

பதில்: சுத்தமான அலுமினியம் தாங்கும். விமானத் தகடு சுத்தமான அலுமினியம் இல்லை. பரவலாகப் பயன்படும், 2024 என்ற எண் கொண்ட அலுமினியக் கலவையில் 4 சதவீதத்துக்கு மேலும் செம்பு இருக்கும், வலு அதிலிருந்துதான் வருகிறது, அரிப்புக்கு இடம் கொடுப்பதும் அதுவே. அதனால் மேலும் கீழும் சுத்த அலுமினியத்தை மெல்லிய படலமாகப் போர்த்தித் தருவார்கள். அந்தப் படலம் ஒரு பக்கத்துக்குத் தகட்டுத் தடிமனில் 5 சதவீதம் அளவுதான். இந்தப் பரப்புகளின் தகடு பல விமானங்களில் 0.4 அல்லது 0.5 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலே காவல் போய்விடும். பழைய பீச்கிராஃப்ட் பொனான்சாவின் வி-வடிவ வாலின் அசையும் பரப்புகளில் தகடு மெக்னீசியம், அது அலுமினியத்தைவிட இன்னும் சீக்கிரம் அரித்துப்போகும்.

கேள்வி: ரடரில் சின்ன இடத்தைச் சரிசெய்து மறுபடி பெயின்ட் அடித்தோம். இப்போது அதைக் கழற்றி பேலன்ஸ் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பில்லை ஏற்றுகிறாரா?

பதில்: இல்லை. அவர் சொல்வதைக் கேளுங்கள், முடிந்தால் நன்றியும் சொல்லுங்கள். இறக்கையில் ஒட்டுப் போடுவதும் இதில் ஒட்டுப் போடுவதும் ஒன்றல்ல. கீலுக்குப் பின்னால் எவ்வளவு எடை இருக்கலாம் என்பதற்குத் தயாரிப்பாளர் வரம்பு வைத்திருக்கிறார், அதை ஈடுகட்டத்தான் கீலுக்கு முன்னால் ஈயமோ இரும்போ வைத்திருக்கிறார்கள். பின்விளிம்பு கீலிலிருந்து தள்ளி இருப்பதால் அங்கே சேரும் கொஞ்சம் பெயின்ட்டும், சின்ன ஒட்டுத் தகடும், ஏன், தேங்கிய தண்ணீரும்கூட நெம்புகோல் கணக்கில் பெரிதாகிவிடும். வரம்பு மீறினால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அந்தப் பரப்பு படபடவென்று அதிர ஆரம்பிக்கலாம். ஃப்ளட்டர் என்பது இதுதான். சில நொடிகளில் பரப்பையே பிய்த்து எறியக்கூடியது, விமானி யோசித்து முடிவெடுக்க நேரம் தராது. அந்த ஈயக் கட்டி அலுமினியத்தோடு ஒட்டியிருக்கும் இடத்தையும் கழற்றும்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நடுவே ஈரமும் இருந்தால் அலுமினியம்தான் கரையும். எஃகுக் கம்பி ஓடும் கீல்களிலும் இதே கதை.

கேள்வி: அரிப்புத் தடுப்பு எண்ணெய் ஒருமுறை அடித்தால் ஆயுசுக்கும் போதுமா?

பதில்: ஆயுசுக்கா? ஓரிரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசிஎஃப்-50, கரோஷன்எக்ஸ் போன்றவை இடுக்குக்குள் தானாக ஊர்ந்து போய் ஈரத்தை வெளியே தள்ளும். அடித்த பிறகு சில வாரங்களுக்கு ரிவெட் ஓரமாகக் கசிந்து அழுக்கு வழியும், பார்க்க அசிங்கம், ஆனால் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று தெரியும். சுத்தம் செய்து காயவைத்த பிறகு அடியுங்கள். பெயின்ட் வேலை பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டு அடியுங்கள், எண்ணெய் இருக்கும் இடத்தில் பெயின்ட் பிடிக்காது. ஏற்கெனவே பொடிந்துபோன தகட்டை எந்த எண்ணெயும் மீட்காது. உள்ளே ஃபோம் நிரப்பிய டிரிம் டேப் (பின்விளிம்பில் இருக்கும் சின்ன அசையும் பட்டை) என்றால் கையேட்டைப் பார்க்காமல் எதையும் அடிக்க வேண்டாம்.

கேள்வி: வெள்ளைப் பொடியை இரும்பு நாரால் தேய்த்து எடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. இரும்புத் துணுக்கு அலுமினியத்தில் பதிந்து புது அரிப்பைத் தொடங்கும். அலுமினிய நார் அல்லது நைலான் பேட். குழி எவ்வளவு ஆழம் என்று அளந்து, கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிடுவது பொறியாளர் வேலை. 0.5 மில்லிமீட்டர் தகட்டில் 0.05 போனாலே பத்தில் ஒரு பங்கு போச்சு.

கேள்வி: இந்தப் பரப்புகளை இழுக்கும் எஃகுக் கேபிள் வெளியே பளபளவென்று இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: கேபிள் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். இழுவிசையைத் தளர்த்திவிட்டு, முறுக்குக்கு எதிராகத் திருகி இழைகளைப் பிரித்து உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே துரு இருந்தால் மாற்றுவதுதான், துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டும் பேச்சே இல்லை. முனையில் உள்ள இணைப்புகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தாலும் அவற்றிலும் அரிப்பு விரிசல் வருவதுண்டு. எலி கூடு கட்டிய அடையாளம் ஏதாவது கண்ணில் பட்டால் கேபிளோடு நிற்காமல் அந்தப் பகுதி முழுவதையும் திறந்து கழுவுங்கள், எலி மூத்திரம் அலுமினியத்தை அரித்துத் தள்ளிவிடும்.