எங்கள் ஊர் விடுப்பு கொழும்பில் துப்பறிந்தால்

சின்ன ஊரிலிருந்து பெருநகரத்துக்கு வந்து துப்பறிகிற சாதாரண ஆட்களைப் பற்றிய நகைச்சுவை மர்ம நாவல்கள் பிடிக்குமா, பிடித்தால் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மிகவும் பிடிக்கும். ஏன் என்பதை என் பெரியம்மாவை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் இருக்கிறோம். சில வருடங்களுக்கு முன் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் எங்கள் வாசலிலிருந்து தொடர்ந்து காணாமல் போனது. பேப்பர் போடுகிற பையனைக் கேட்டோம், வோச்சரைக் கேட்டோம். ஒன்றும் பிடிபடவில்லை. அந்த நேரம் பெரியம்மா கண் ஒப்பரேஷனுக்காகப் பருத்தித்துறையிலிருந்து வந்தார். ஒரு கண்ணில் மறைப்போடு லிப்டில் ஏறி இறங்கி, சந்திக்கிற எல்லோரிடமும் "நீங்கள் எந்தப் பகுதி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடி ஐயாவின் பிள்ளைகள் கனடாவில், மனைவி இறந்து மூன்று வருடம், அவரிடம் இருப்பது பொத்தான் போன் என்பதெல்லாம் இரண்டு கிழமைக்குள் பெரியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருடம் அங்கே இருந்த எனக்கு அவருடைய பெயரே தெரியாது.

ஒரு திங்கட்கிழமை லிப்டில் அந்த ஐயா, "கரவெட்டியில ஒரு வாத்தியார் மோசம் போயிட்டாராம், உங்களுக்குச் சொந்தமோ?" என்று கேட்டிருக்கிறார். பெரியம்மா வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இந்த மனுசனுக்கு ஆர் சொன்னது? வீட்டுக்கு ஒருத்தரும் வாறேல்லை. போனிலை படம் வராது. பேப்பரும் எடுக்கிறேல்லை. அப்ப மரண அறிவித்தலை எங்கை பார்த்தவர்?"

கண்டுபிடித்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு விடியவே எழும்பிப் பேப்பரை எடுத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்தித்துறை வடையில் ஒரு சரையும் சேர்த்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனார். திரும்பி வர இரண்டு மணித்தியாலம் ஆனது. அன்றிலிருந்து அந்த ஐயா முதலில் மரண அறிவித்தல் பக்கத்தை வாசித்துவிட்டுப் பத்து மணிக்குப் பேப்பரைத் தானே கொண்டுவந்து தருவார்.

அடுத்தவர் கதையை இப்படித் தோண்டிக் கேட்பதற்கு எங்கள் பக்கத்தில் 'விடுப்பு' என்று பெயர். விடுப்புக் கேட்கிறது, விடுப்புப் பார்க்கிறது என்று கொஞ்சம் பழிப்பாகத்தான் சொல்வோம். ஆனால் ஊரிலிருந்து வந்த துப்பறிவாளரின் முழு ஆயுதமும் அதுதான். பொலிஸ் கையொப்பத்தையும் கைரேகையையும் பார்க்கும். ஊர்க்காரர் ஒரு செய்தி யார் வாய் வழியாக வந்தது என்று பார்ப்பார். இந்த வகை நாவலில் நான் முதலில் தேடுவது இதைத்தான். ஊர்க்காரரை லிப்டுக்குள் தடுமாற வைத்துச் சிரிப்பு மூட்டுகிற கதைகளை என்னால் பத்துப் பக்கம் தாண்ட முடிவதில்லை.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அலெக்சாண்டர் மக்கோல் ஸ்மித் 1998இல் எழுதத் தொடங்கிய மா ரமொட்ஸ்வே கதைகள். மொச்சுடி என்ற கிராமத்துப் பெண். தகப்பன் விட்டுப்போன மாடுகளை விற்ற காசில் பொட்ஸ்வானாவின் தலைநகரான கபரோனியில் துப்பறியும் நிலையம் திறக்கிறார். ஒரு சின்ன வெள்ளை வான், இரண்டு மேசை, இரண்டு கதிரை, ஒரு டெலிபோன், பழைய தட்டச்சு இயந்திரம், ஒரு தேநீர்ப் பானை, மூன்று கோப்பை. மூன்றாவது கோப்பை வழக்கோடு வருகிறவருக்கு. அந்தக் கோப்பையைப் படித்ததுமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. முதல் புத்தகத்தில், "நான்தான் உன் அப்பா" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து ஒரு பெண்ணின் வீட்டில் இருந்து சாப்பிடுகிறார். மா ரமொட்ஸ்வே தாதியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு போய், மகளுக்கு விபத்து, நிறைய இரத்தம் வேண்டும், கொடுத்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து என்கிறார். போலி அப்பா உடனே உண்மையைச் சொல்லிவிடுகிறார். மரியாதை ராமன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வழி நன்றாகவே தெரியும்.

அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்பிளையும் சொல்ல வேண்டும். 1930இல் வந்த முதல் நாவலிலிருந்தே அவர் செயின்ட் மேரி மீட் என்ற கிராமத்தின் ஆள். யாரைக் கண்டாலும் ஊரில் அதே மாதிரி ஒருவரை நினைத்துக்கொள்வார். 1965இல் வந்த பெர்ட்ராம்ஸ் ஹோட்டல் நாவலில் லண்டனுக்கு வந்து, சின்ன வயதில் தங்கிய ஹோட்டலிலேயே தங்குகிறார். அறுபது வருடம் கழித்தும் எல்லாம் அப்படியே இருக்கிறது. மற்றவர்களுக்கு அது சந்தோஷம், அவருக்கு அதுவே உறுத்துகிறது. மனிதர்கள் வாழ்கிற ஒரு இடம் மாறாமல் இருக்காது என்பது ஊரில் நெடுங்காலம் இருந்தவருக்குத் தெரியும்.

தேவனின் துப்பறியும் சாம்புவை எனக்கு நிறையப் பிடிக்கும். ஆனால் சாம்புவுக்கு வெற்றி அதிர்ஷ்டத்தால் வருகிறது. அது வேறு வகைச் சிரிப்பு.

கொழும்பில் நடக்கிற இப்படி ஒரு தமிழ் நாவலுக்காக நான் ஏங்குவதற்கு வேறு காரணமும் உண்டு. "எந்த ஊர்?" என்ற கேள்வி இந்த நகரத்தில் நீண்ட காலம் எங்களுக்குப் பயத்தைத் தந்த கேள்வி. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்து தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும், லொட்ஜ் கதவு நடு இரவிலும் தட்டப்படும். 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் அடுத்த நாள் அதை நிறுத்தச் சொன்னது. அதே கேள்வியை அதே நகரத்தில் ஒரு பெரியம்மா வடைச் சரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதை எழுத்தில் பார்க்க எனக்கு ஆசை. சிரிப்பு வரும், கூடவே நெஞ்சின் பாரமும் கொஞ்சம் இறங்கும்.

கதைக்களம் தேடி அலையவே வேண்டாம். யாழ்ப்பாணத்து இரவு பஸ்கள் விடியற்காலையில் வெள்ளவத்தைக்கு வரும். ஆட்களோடு பொதிகளும் வரும். முருங்கைக்காய், மா, பனங்கட்டி, மருந்து என்று பெயர் எழுதிக் கட்டிய பெட்டிகள். பெட்டிக்கு உரியவர் வெள்ளவத்தையின் பிரதான வீதியான காலி வீதி ஓரத்தில் அரைத் தூக்கத்தில் நிற்பார். ஒருநாள் அவருக்கு முன்னே வேறொருவர் வந்து, பெயரைச் சரியாகச் சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டால்? பிறகு செட்டியார் தெரு, கொட்டாஞ்சேனை, அரைகுறைச் சிங்களத்தில் ஆட்டோக்காரருடன் ஒரு விசாரணை.

போன கிழமை இதைப் பெரியம்மாவுக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "பெட்டியை என்ன கயிறாலை கட்டினது?"