ஓடினால் குளிர், நின்றால் அனல்: கார் ஏ.சி. ஃபேன் சுற்றாவிட்டால் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: என்னுடையது ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். பைபாஸில் போகும்போது ஏ.சி. நன்றாகக் குளிர்கிறது. ஊருக்குள் வந்து சிக்னலில் நின்றால் கொஞ்ச நேரத்தில் வெறும் காற்றுதான் வருகிறது. ஏ.சி. ஓடும்போதே பானெட்டைத் திறந்து பார்த்தேன், ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது. மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா? (திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: இப்போதே மாற்ற வேண்டாம். ஃபேன் சுற்றவில்லை என்பது மட்டும்தான் இதுவரை நமக்குத் தெரியும். மோட்டாருக்குக் கரண்ட் வந்தும் சுற்றவில்லையா, கரண்டே வரவில்லையா என்பதை யாரும் பார்த்ததாக உங்கள் கேள்வியில் இல்லை. அதைப் பார்க்காமல் மோட்டார் வாங்குவது குருட்டுச் செலவு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். காரில் 'ஏ.சி. ஃபேன்' என்று இரண்டைச் சொல்வார்கள். டேஷ்போர்டுக்குள் இருந்து உங்கள் முகத்தில் காற்று அடிப்பது ப்ளோயர். பானெட்டுக்கு அடியில் கண்டென்சரையும் ரேடியேட்டரையும் குளிர வைப்பது இன்னொன்று. உங்களுக்கு உள்ளே காற்று வருகிறது, குளிர்ச்சிதான் இல்லை. ஆகவே ப்ளோயரில் குறை இல்லை. கம்ப்ரெஸரிலிருந்து சூடாக வரும் கேஸ், கண்டென்சரில் அந்தச் சூட்டை விட்டுத் திரவமாக மாற வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அதைச் செய்துவிடும். நின்றால் ஃபேன்தான் செய்ய வேண்டும். ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது என்பதால் கம்ப்ரெஸரும் கேஸும் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. யாராவது கேஸ் நிரப்பச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஏ.சி.யை அணைத்துவிட்டு, திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓட விடுங்கள். டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சின்ன கார்கள் பலவற்றில் ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் ஒரே ஃபேன்தான். கூலன்ட் 95 முதல் 100 டிகிரியை நெருங்கும்போது அது தானாக ஓட வேண்டும். ஓடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஏ.சி. போட்டால் மட்டும் ஏன் ஓடவில்லை என்று தேடினால் போதும். இரண்டு வேகம் உள்ள ஃபேனாக இருந்தால், குறைந்த வேகத்துக்காகக் கரண்டைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டர் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏ.சி. கேட்பது அந்தக் குறைந்த வேகத்தைத்தான். முள் வழக்கமான இடத்தைத் தாண்டியும் ஃபேன் ஓடவில்லை என்றால் உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள். சிவப்பைத் தொடும் வரை காத்திருக்கக் கூடாது. அப்படி ஆனால், பழுது பார்க்கும் வரை வண்டியை நெரிசலில் எடுக்கவும் வேண்டாம். ஏ.சி. மட்டுமல்ல, எஞ்சினும் கொதித்துப்போகும்.

இரண்டு தனித்தனி ஃபேன் இருக்கும் கார்களில் இந்தச் சோதனை இவ்வளவு தெளிவாகப் பேசாது. எந்த ஃபேன் எதற்கு என்று பார்த்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

அடுத்தது மோட்டாருக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்துப் பார்ப்பது. எஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு, ஃபேனைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இந்த ஃபேன் சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் திடீரென்று ஓடும், அதனால் நெகட்டிவ்வைக் கழற்றாமல் கை வைக்கவே கூடாது. இறுக்கமாக, கரகரவென்று சுற்றினால் பேரிங் போயிருக்கிறது. தாராளமாகச் சுற்றினால் கனெக்டரைப் பிரித்து, பேட்டரியின் பாசிட்டிவ்விலிருந்து 20 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட வயர் ஒன்றும், நெகட்டிவ் முனையிலிருந்து எர்த் வயர் ஒன்றும் நேரடியாக மோட்டாருக்குக் கொடுங்கள். ஓடவில்லையா, மோட்டாரின் உடம்பில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஒரு தட்டு தட்டுங்கள். தட்டியதும் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. தட்டியும் ஓடவில்லை என்றாலும் மோட்டார்தான் போயிருக்கிறது. இரண்டிலும் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, மாற்றிவிடுங்கள். ஓர் எச்சரிக்கை: இந்தச் சோதனை இரண்டு தடித்த வயர் மட்டும் போகும் மோட்டாருக்குத்தான். கூடவே மெல்லிய வயரும் போனால் உள்ளே கண்ட்ரோல் மாடியூல் இருக்கும். அதற்கு நேரடிக் கரண்ட் கொடுத்தால் வீணாகிவிடும்.

நேரடியாகக் கொடுத்தால் நன்றாக ஓடுகிறது என்றால் தேட வேண்டிய இடம் வயரிங். இங்கேதான் பலரும் தவறிப்போகிறார்கள். மல்டிமீட்டரைக் கனெக்டரில் வைப்பார்கள், 12 வோல்ட் காட்டும், 'கரண்ட் வருது சார், மோட்டார்தான்' என்று முடித்துவிடுவார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. வயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது முழு 12 வோல்ட்டைக் காட்டும். ஃபேனுக்கு வேண்டியதோ 10 ஆம்பியருக்குப் பக்கத்தில். அந்த ஒற்றை இழையால் அதைத் தர முடியாது.

ஆகவே மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது நாலரை ஆம்பியர் இழுக்கும். அதில் இரண்டு வயர் கட்டி, எஞ்சினும் ஏ.சி.யும் ஓடும்போது ஃபேன் கனெக்டரின் இரண்டு முனையிலும் கொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் கரண்டும் எர்த்தும் சரி. அப்படியானால் கனெக்டருக்குள் இருக்கும் பின் தளர்ந்திருக்கலாம், உருகிக் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். மங்கலாக எரிந்தாலோ, எரியவே இல்லை என்றாலோ, எர்த் பக்க முனையை மட்டும் எடுத்து பேட்டரி நெகட்டிவ்வில் வையுங்கள். இப்போது நன்றாக எரிந்தால் எர்த்தில்தான் குறை. துருப் பிடித்த எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்கினால் வேலை முடிந்தது. பல்பு சுடும், வெறும் கையால் பிடிக்காதீர்கள். மெல்லிய சென்சார் வயர்களில் இந்தப் பல்பைக் கொடுக்கவும் கூடாது, இ.சி.யூ. (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) பாழாகும்.

இரண்டிலும் எரியவில்லை என்றால் கரண்ட் மேலே எங்கோ நின்றுவிட்டது. ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். கண்ணால் பார்த்துச் சொன்னதா? ஃப்யூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும், ஃப்யூஸைக் கழற்றாமலேயே இரண்டிலும் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் முனையால் தொட்டுப் பாருங்கள். ஃபேன் ஃப்யூஸ் பானெட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் இருக்கும், காருக்குள் இருக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு. எரிந்துபோன ஃப்யூஸ் என்றால் அதே ஆம்பியரில் போடுங்கள். பெரியதைப் போட்டால் அடுத்து எரிவது வயர்.

அப்புறம் ரிலே, அதாவது சின்னக் கரண்டால் ஃபேனின் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். அதன் மேல் இருக்கும் நம்பரும், அடியில் கால்களின் வரிசையும் ஒன்றாக இருக்கும் இன்னொரு ரிலேயை, பெரும்பாலும் ஹார்ன் ரிலே, எடுத்து மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஓடிவிட்டால் புது ரிலே ஒன்று போதும், மோட்டார் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. 'டிக்' என்று சத்தம் வந்தால் ரிலே சரி என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் வேலை செய்தாலும் காண்டாக்ட் கருகியிருக்கலாம். ரிலே மாற்றியும் ஓடவில்லை என்றால் அதைக் கழற்றி, 30, 87 என்று குறித்த இரண்டு கால்களுக்கான துளைகளை ஃப்யூஸ் போட்ட வயரால் இணைத்துப் பாருங்கள். ஃபேன் ஓடினால் மோட்டாரும் அதன் வயரிங்கும் நிரபராதிகள், ரிலேக்கு உத்தரவு வரவில்லை. பிரஷர் சென்சார், கூலன்ட் சென்சார், இ.சி.யூ. என்று போகும் அந்தத் தேடலுக்கு ஸ்கேனர் வேண்டும். நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் அங்கே விட்டுவிடுங்கள், இதுவரை பார்த்ததை எல்லாம் அவரிடம் சொல்லுங்கள், பாதி வேலை குறையும்.

ப்ளோயரே வேலை செய்யாதவர்களுக்கும் இதே வழிதான், ஃப்யூஸ், ரிலே, எர்த், மோட்டார். கடைசி வேகத்தில் மட்டும் காற்று வருகிறது என்றால் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ரெசிஸ்டர் போயிருக்கிறது. அதை மாற்றியும் மறுபடி எரிந்தால், கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, ப்ளோயர் மோட்டார் அதிகமாகக் கரண்ட் இழுக்கிறதா என்று பாருங்கள். அந்த ரெசிஸ்டர் ஆறுவது ப்ளோயர் அடிக்கும் காற்றில்தான்.

உங்கள் விஷயத்தில் கடைசியில் மோட்டாரையே மாற்றும்படி ஆனாலும், பொருத்தியதும் ஏ.சி.யைப் போட்டு, முன் கிரில்லுக்கு எதிரே ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. அங்கேயே சரிசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.