"நாளையிலிருந்து உட்காருறேம்மா"

அம்மா, உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். "நாள் முழுக்க ஒண்ணும் படிக்கிறதில்ல, ஆனா ராத்திரி தூக்கமும் வரமாட்டேங்குதாம்." சோம்பேறிக்கு நன்றாகத் தூக்கம் வரும். உங்கள் பையனுக்கு இருப்பது சோம்பல் இல்லை, பயம்.

பி.காம். முடித்து இரண்டு வருடமாகக் குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறான். ஆறு முதல் பத்து வரை பள்ளிப் புத்தகங்களை அடுக்கிவிட்டான். டெலிகிராமில் பி.டி.எஃப். சேர்க்கிறான். திங்கள்கிழமைதோறும் புது டைம்டேபிள் போட்டு, மறுபடி ஆறாம் வகுப்புத் தமிழ், இயல் ஒன்று. மாதிரித் தேர்வு மட்டும் ஒன்றுகூட எழுதவில்லை. எழுதினால் மார்க் தெரிந்துவிடுமே! எழுதாதவரை "உட்கார்ந்து படிச்சா வாங்கிடுவேன்" என்ற நம்பிக்கைக்குச் சேதமில்லை.

டிமோத்தி பிச்சில், ஃபுஷியா சிரோயிஸ் போன்ற உளவியலாளர்கள் தள்ளிப்போடுவதை மனச் சங்கடத்திலிருந்து தப்பிக்கும் வழியாகவே பார்க்கிறார்கள். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் வயிற்றைப் பிசைகிறது, மூடினால் உடனே நிம்மதி. அந்த ருசி பழகிவிடுகிறது. டைஸ், பாமைஸ்டர் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு 1997-இல் வெளியானது. தள்ளிப்போடுகிறவர்கள் செமஸ்டர் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள். முடிவிலோ மன அழுத்தமும் உடல் உபாதையும் அவர்களுக்கே அதிகம், மார்க்கும் குறைவு. "கடைசி நேரத்துலதான் எனக்கு ஓடும்" என்பவர்கள் கவனிக்க. (இந்தப் பதிலை நானும் மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.)

போவது தேர்வு மட்டுமா? சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட வர மறுக்கிறான் என்கிறீர்கள். "தம்பி இப்ப என்ன பண்றீங்க?" என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. விண்ணப்பத்தைக் கடைசி ராத்திரிவரை விட்டு, பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்க, ஒரு வருடத்தையே கோட்டைவிட்ட பிள்ளைகள் என்னிடம் வந்ததுண்டு.

அடுத்த தெருப் பெண் வி.ஏ.ஓ. ஆன கதையை முதலில் நிறுத்துங்கள். கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2010-இல் வந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். குத்திக்காட்டினால் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு அவமானம்தான் ஞாபகம் வரும்.

"ஒழுங்கா படி" என்பதால் பயனில்லை. வேலை சின்னதாக, நேரமும் இடமும் குறித்ததாக இருக்கட்டும்: நாளை காலை டீ குடித்ததும், மொட்டை மாடியில், பழைய வினாத்தாளிலிருந்து பத்துக் கணக்கு. தனிவட்டியும் கூட்டுவட்டியும் பி.காம். பையனுக்குப் புதிதல்ல. குரூப் 4-இன் 200 கேள்வியில் இந்த மாதிரிக் கணக்கு வரும் திறனறிவுப் பகுதிக்கு 25, கேள்விக்கு ஒன்றரை மார்க். தப்பான விடைக்கு மார்க் குறைப்பதுமில்லை. ஒரு வாரம் இப்படிப் போனபின் முழு மாதிரித் தேர்வு.

எதுவரை எழுதிப் பார்ப்பது என்று அவனே ஒரு தேதி சொல்லட்டும். அதுவரை ஆடிட்டர் அலுவலகத்தில் அரை நாள் டேலியில் கணக்குப் பதியும் வேலை கிடைத்தாலும் சேரட்டும், பொழுதுக்கு ஒரு கட்டு இருக்கும். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால், சாப்பாடும் குறைந்தால், மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இலும் இலவசமாகப் பேசலாம்.

பத்தில் மூன்றுதான் சரியாக வரலாம். அவனாகத் தாளைக் கொண்டுவந்து காட்டினால், "மூணுதானா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள் அம்மா.